ஒரு சிலிண்டர் வாங்கிய கதை

2003ஆம் ஆண்டில் நான் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு பிழை இருந்தது. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம் அது. கடலில் இருந்த தடைகள் ஓரளவு தளர்ந்து, மன்னார்க் கரையோரத்தில் சங்கு குளிப்பவர்களும் கடலட்டை பிடிப்பவர்களும் மறுபடி தொழிலுக்கு இறங்கியிருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதச் சென்ற நான், இவர்கள் ஒட்சிசன் சிலிண்டர்களை முதுகில் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறார்கள் என்று எழுதினேன். ஆசிரிய பீடத்தில் எவரும் அதைத் திருத்தவில்லை. கட்டுரை வெளிவந்து ஒரு வாரம் சென்றபின், பத்திரிகைப் பிரதியையும் எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கரைக்குப் போனேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடது காலை இழுத்து இழுத்து நடப்பவர், வாடியின் நிழலில் உட்கார்ந்து கட்டுரையை முழுவதும் வாசித்தார். பிறகு சிரித்தார். “நீங்கள் எழுதின மாதிரி ஒட்சிசன் அடிச்சுக்கொண்டு இறங்கியிருந்தா, நான் இப்ப உங்களோட கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்” என்றார்.

சிலிண்டருக்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுத்தான். கொம்பிரசரில் வடிகட்டி, அமுக்கி நிரப்பிய காற்று. தனி ஒட்சிசன் ஏறத்தாழ 6 மீற்றருக்குக் கீழே நஞ்சாகிவிடும். வலிப்பு வந்து ஆள் மூழ்கிப்போகலாம். இதைப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத ஒருவர், கலைப்பட்டதாரியாகிய எனக்கு அன்று சொல்லித்தந்தார். இன்றும் நமது பத்திரிகைகளில் ‘ஒட்சிசன் சிலிண்டர்களுடன் கைது’ என்ற தலைப்பைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வரும்.

அவருடைய காலுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஆனால், அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அந்தப் பதிலைப் பின்னால் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, எனக்கென்று ஒரு சிலிண்டர் வாங்க வேண்டிய நிலை வந்தபோதுதான் அதன் பெறுமதி எனக்கு விளங்கிற்று.

நான் சுழியோடக் கற்றது 2016இல், திருகோணமலையில். போர்க்காலத்தில் கிழக்குக் கரையில் இத்தகைய கருவிகளை வைத்திருப்பதென்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். போர் முடிந்து, கடல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பின்னர், நாற்பதுகளின் நடுவில் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. சுவாமிமலைப் பாறையின் அடியில், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளை ஆதர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் 1956இல் கண்டதைச் சிறுவயதில் கேள்விப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என்னுடைய சுழியோட்டம் பெரும்பாலும் கரையிலிருந்துதான். படகு அமர்த்தினால் செலவு. நாலு பேர் சேரவேண்டும். அவர்கள் வரும் நேரத்துக்கு நாம் போகவேண்டும். கரையிலிருந்து என்றால், காற்று எழாத அதிகாலையில் ஒரு துணையோடு மணலைக் கடந்து நேரே நீருக்குள் நடந்துவிடலாம். நான் வழமையாக இறங்கும் இடத்தில் கரையிலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் தூரத்தில் பாறைத் தொடர் ஒன்று ஆரம்பிக்கிறது. அதன் ஆழம் 12 மீற்றரைத் தாண்டுவதில்லை. சித்திரை மாத நடுப்பகுதியிலிருந்து புரட்டாதி வரையில் அங்கே நீர் தெளிந்திருக்கும். பிறகு வாடைக்காற்று தொடங்கிவிடும்; கடல் நம்மை உள்ளே விடாது.

2022ஆம் ஆண்டு நாட்டின் நெருக்கடி எல்லோருக்கும் தெரிந்ததே. உல்லாசப் பயணிகள் வரவில்லை. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. அங்கே சில பருவங்களாகச் சுழியோட்டம் கற்பித்துவந்த ஐரோப்பியர் ஒருவர் நாடு திரும்ப முடிவுசெய்து, தன் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த மூன்று உருக்குச் சிலிண்டர்களை விற்கப்போவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கிடுகுக் கொட்டிலின் கீழே மூன்றும் வரிசையாக நின்றன: 10 லீற்றர், 12 லீற்றர், 15 லீற்றர். ஒன்றைத்தான் வாங்க என்னிடம் பணமிருந்தது.

அன்றிரவு இங்கிலாந்திலிருக்கும் என் தங்கையின் மகனுடன் தொலைபேசியில் கதைத்தேன். அவனும் சுழியோடுபவன்; குளிர்ந்த கற்குழி நீர்நிலைகளில் இறங்குபவன். “மாமா, யோசிக்காமல் 15ஐ எடுங்கோ. காத்துக் கூட இருந்தால் ஆபத்துக் குறைவுதானே?” என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. காற்று முடிந்துபோவதுதான் இந்த விளையாட்டில் முதலாவது பயம். அப்படியிருக்க, அதிகம் கொள்ளும் கலனைத் தவிர்ப்பதற்கு ஒருவனுக்கு என்ன காரணம் இருக்கமுடியும்? இரண்டு நாட்கள் அந்தக் கேள்வியோடு, கடதாசியும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கணக்கில் நான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அல்லன். ஆனால், இந்தக் கணக்குக்குப் பெருக்கலும் பிரித்தலும் மாத்திரம் தெரிந்தால் போதும்.

சிலிண்டரின் ‘லீற்றர்’ என்பது அதற்குள் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்ற அளவு. 10 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் காற்றை அடைத்தால், கடல்மட்டத்துக் காற்றில் ஏறத்தாழ 2,000 லீற்றர் அதற்குள் அடங்கியிருக்கும். 12இல் 2,400, 15இல் 3,000. இனி, நான் எவ்வளவு குடிக்கிறேன் என்பதை அறியவேண்டும். அதை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். வாடகைக்கு எடுத்த அலுமினியச் சிலிண்டர் ஒன்றுடன் 10 மீற்றர் ஆழத்தில் பத்து நிமிடம் நிதானமாக நீந்தியபோது அமுக்கமானி 32 பார் இறங்கியிருந்தது. அந்தச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லீற்றர். ஆகவே செலவான காற்று ஏறத்தாழ 355 லீற்றர், நிமிடத்துக்கு 35.5. பத்து மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதன் இரண்டு மடங்கு. எனவே மேற்பரப்புக் கணக்கில் நான் நிமிடத்துக்கு 18 லீற்றர் காற்றைச் செலவிடுபவன். வாசகர்களில் எவரேனும் சிலிண்டர் வாங்க எண்ணினால், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னர் இந்த இலக்கத்தை அறிந்துகொள்ளுங்கள். அது ஆளுக்கு ஆள் வேறுபடும், பயந்தவனுக்கு இரட்டிப்பாகும்.

12 மீற்றரில் அமுக்கம் 2.2 பார். நான் அங்கே நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 லீற்றர் செலவழிப்பேன். படகிலிருந்து இறங்குபவர் 50 பார் மிஞ்சும்போது மேலே வந்துவிட்டால் போதும். படகு அவரைத் தேடிவரும். கரையிலிருந்து போனவரை எவரும் தேடிவருவதில்லை. போன தூரத்தை அவரே திரும்பி வரவேண்டும்; வரும் வழியில் நீரோட்டம் எதிர்த்தாலும் வரவேண்டும்; கடைசியில் அலை உடையும் இடத்திலும் வாயில் காற்று இருக்கவேண்டும். ஆகையால் நாங்கள் மூன்றில் ஒரு பங்குக் கணக்கைக் கடைப்பிடிக்கிறோம். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு.

அந்தக் கணக்கில் 10 லீற்றர் சிலிண்டர் எனக்குப் போவதற்கு 17 நிமிடமும் வருவதற்கு 17 நிமிடமும் தருகிறது. 12 லீற்றர் இருபதும் இருபதும். 15 லீற்றர் இருபத்தைந்தும் இருபத்தைந்தும். அதாவது, மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு முழுச் சுழியோட்டத்தில் 16 நிமிடம். பாறைத் தொடர் வரையில் மேற்பரப்பில் மூச்சுக்குழாயுடன் நீந்திச் சென்று, அங்கே இறங்கினால் 10 லீற்றரே தாராளம்.

தொடாமல் வைத்த பங்கு உண்மையில் போதுமா என்பதையும் பார்த்தேன். துணையாக வந்தவரின் காற்று 12 மீற்றரில் திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே சிலிண்டரில், இருவருக்கும் பதற்றம், ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லீற்றர். அடியில் நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், மெதுவாக மேலேற ஒன்றரை நிமிடம், 5 மீற்றரில் தரித்து நிற்க மூன்று நிமிடம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 550 லீற்றர். 10 லீற்றர் சிலிண்டரின் மூன்றிலொரு பங்கு 670. மிச்சம் அதிகமில்லை, ஆனால் போதும். அதன்பின் கரைக்கு வருவது மேற்பரப்பில் நீந்தித்தான். இதுவே 18 மீற்றராக இருந்தால் நான் 12ஐ எடுத்திருப்பேன்.

காற்றுக் கணக்கு இவ்வளவுதான். கரையிலிருந்து போகிறவனுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அது மணலில் எழுதப்படுவது.

2019இல் ஒருநாள் காலை, வாடகை அலுமினியச் சிலிண்டருடன் நல்லதொரு சுழியோட்டத்தை முடித்துக்கொண்டு கரைக்கு வந்தேன். கிழக்குக் கரையில் பல இடங்களில் கடற்கரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். சிறிய அலையும் அந்தச் சரிவில் பலமாக உடையும். இடுப்பளவு நீரில் எழுந்து நின்றேன். ஒரு அலை முழங்காலின் பின்புறத்தில் அடித்தது. விழுந்தேன். எழுந்திருக்க முயன்றபோது அடுத்த அலை. முதுகில் இருந்த பாரம் என்னை ஆமையைப் போலக் கவிழ்த்துப்போட்டது. மூச்சுக்கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு முதியவர் சத்தமிட்டார்: “ஐயா, எழும்பாதேங்கோ! தவண்டு வாங்கோ, தவண்டு!” நான் குழந்தையைப் போல் தவழ்ந்தேன். இரண்டு இளைஞர்கள் வந்து சிலிண்டரின் கழுத்தில் பிடித்து என்னை இழுத்துப் போட்டார்கள். முழங்கால் வீங்கி மூன்று வாரம் படியேற முடியவில்லை. எழும்பாமல் தவழ்ந்து வருவதுதான் சரியான முறை என்றும், மணலில் ஏறும்வரை மூச்சுக்கருவியை வாயிலிருந்து எடுக்கக்கூடாது என்றும் பின்னர் நூல்களிலும் வாசித்தேன். அந்த முதியவர் நூல் வாசித்தவர் அல்லர்.

ஆகவே, பாரத்தை எழுதிக் கூட்டினேன். உலகெங்கும் வெப்பக் கடல்களில் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண அலுமினியச் சிலிண்டர் வெறுமையாக 14 கிலோகிராமுக்குச் சற்று மேல். வால்வையும் நிரப்பிய காற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 18. காற்றுக்கும் நிறையுண்டு, லீற்றருக்கு 1.2 கிராம். 2,000 லீற்றர் என்றால் 2.4 கிலோ. அலுமினியத்தில் இன்னொரு சிக்கல். காற்றுத் தீரத் தீர அது மிதக்கத் தொடங்கும். முடிவில் ஏறத்தாழ 2 கிலோ மேல்நோக்கி இழுக்கும். அதை அமிழ்த்துவதற்காகவே இடுப்பில் மேலதிக ஈயம் கட்டவேண்டும். எனக்கு அலுமினியத்துடன் 5 கிலோ ஈயம் தேவைப்பட்டது. மொத்தம் 23 கிலோ.

உருக்கு அப்படியல்ல. உருக்கு உறுதி மிக்கது என்பதால் சிலிண்டரின் சுவர் மெல்லியது, வெளிப்பருமன் சிறியது. வெறுமையானாலும் அது மிதப்பதில்லை. மாதிரிக்கு மாதிரி மாறுபட்டாலும், ஒரு கிலோ அளவில் அமிழ்ந்தே நிற்கும். ஆகவே ஈயத்தில் ஏறத்தாழ 3 கிலோவைக் கழற்றி வைத்துவிடலாம். எனக்கு 2 கிலோ போதும். கொட்டிலில் நின்ற மூன்றையும் அப்படிக் கணக்கிட்டேன். 10 லீற்றர் வெறுமையாக 12 கிலோ. வால்வு, காற்று, ஈயம் எல்லாம் சேர்த்து 17. 12 லீற்றர் 20. 15 லீற்றர் 24. அதாவது, 15 லீற்றர் உருக்கு என்னை அன்று கவிழ்த்துப்போட்ட பழைய பாரத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும். 16 நிமிடத்துக்கு 7 கிலோ விலை. இளைஞனுக்கு அது மலிவு. ஐம்பதைத் தாண்டியவனுக்கு, வீங்கிய முழங்காலின் ஞாபகம் உள்ளவனுக்கு, மலிவன்று.

பெரிய உருக்குக் கலனில் இன்னொரு மறைவான ஆபத்தும் உண்டு. இறங்கும்போது அதற்குள் இருக்கும் காற்றின் நிறையே 3.6 கிலோ. மிதப்பு அங்கியின் பை கிழிந்துபோனால் அவ்வளவையும் காலால் உதைத்து மேலே கொண்டுவரவேண்டும். இடுப்பில் அவிழ்த்தெறியக்கூடிய ஈயமோ எனக்கு 2 கிலோ மாத்திரம். சிலிண்டரை அவிழ்த்தெறிய முடியாது. மருமகன் இறங்கும் குளிர்நீரில் தடித்த ஆடையின் மிதப்பு இருக்கிறது. நாங்கள் 28 பாகை நீரில் மெல்லிய ஆடையுடன் இறங்குபவர்கள். அந்த உதவி எங்களுக்கு இல்லை. அலுமினியத்திலிருந்து உருக்குக்கு மாறுபவர்கள் பழைய ஈயப் பட்டியை அப்படியே கட்டிக்கொண்டு இறங்குவது இதனால்தான் பெரும் பிழை. சிலிண்டரில் 50 பார் மிஞ்சியிருக்கும்போது 5 மீற்றரில் மிதப்பு அங்கியில் காற்றில்லாமல் அசையாது நிற்க முடிகிறதா என்று பார்த்து ஈயத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பன்னிரண்டா பத்தா என்பதுதான் இனி மிச்சமிருந்த கேள்வி. பெரும்பாலானோருக்கு நான் 12ஐத்தான் சொல்வேன். ஆனால் அங்கிருந்த 12, 171 மில்லிமீற்றர் விட்டமுள்ள நெடிய வகை. என் உயரம் அதிகமில்லை. முதுகில் மாட்டிக் குனிந்து பார்த்தபோது அதன் அடி பிருட்டத்தில் இடித்தது. வால்வு பின்மண்டையில் தட்டியது. அதே 12 லீற்றரில் 203 மில்லிமீற்றர் விட்டமுள்ள குட்டையான வகையும் உண்டு. அது இருந்திருந்தால் ஒருவேளை என் முடிவு மாறியிருக்கும். உயரத்தைக் கவனிக்காமல் லீற்றரை மாத்திரம் கேட்டு வாங்குபவர்கள், செருப்பின் அளவைப் பார்க்காமல் விலையைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒப்பானவர்கள்.

நிரப்பும் அமுக்கமும் ஒரு விடயம். இந்த ஐரோப்பியச் சிலிண்டர்களின் வேலை அமுக்கம் 232 பார். நம்மூரில் காற்றடிப்பவரோ 207 பார் அலுமினியத்துக்குப் பழகியவர். மானி 200ஐக் காட்டியதும் கை தானாகவே வால்வை மூடிவிடும். அதுவும் அவசரத்தில் அடித்தால் காற்றுச் சூடாகி, ஆறியபின் 180க்கு இறங்கிவிடும். ஆகவே, சிலிண்டரில் பொறித்துள்ள அமுக்கத்தை நம்பி நேரத்தைக் கணக்கிடக்கூடாது. ஊரில் கிடைக்கும் அமுக்கத்தை வைத்தே கணக்கிடவேண்டும். என் கணக்குகள் எல்லாவற்றையும் 200இல் போட்டதற்குக் காரணம் அதுதான். இறங்குமுன் மானியைப் பார்த்து, குறைந்திருந்தால் திரும்பும் புள்ளியையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் போய் 10 லீற்றரைக் கேட்டேன். விற்பவர் வால்வைக் கழற்றி, உள்ளே மின்சூள் அடித்துக் காட்டினார். உட்சுவர் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. உருக்கின் எதிரி ஈரம். உப்புநீர் ஒரு கரண்டி உள்ளே போய்விட்டால் போதும். துரு தின்னத் தொடங்கிவிடும். துரு பிடிப்பதென்பது ஒட்சிசனை உட்கொள்வதுதான்; ஈரமான சிலிண்டரை நீண்டகாலம் நிரப்பி வைத்திருந்தால், உள்ளேயிருக்கும் காற்றில் ஒட்சிசன் குறைந்து, சுவாசிப்பவர் மயங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. ஆகையால் கடைசி மூச்சுவரை உறிஞ்சி வெறுமையாக்காமல் சிறிது அமுக்கத்தை மிச்சம் வைக்கிறேன்; ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, அடியிலுள்ள இறப்பர்க் காலணியைக் கழற்றிக் காயவிடுகிறேன். அந்தக் காலணிக்குள் தங்கும் உப்பு வெளிப்புறத்தையும் அரித்துவிடும். வால்வு திருகுபுரி வகை. என்னுடைய மூச்சுக்கருவியோ கவ்விப் பிடிக்கும் வகை. இடையில் திருகும் சிறிய உலோகத் துண்டு ஒன்றையும் அவர் இனாமாகத் தந்தார்.

சிலிண்டரின் தோளில் பொறிக்கப்பட்டிருந்தவற்றைக் கையால் தடவி வாசித்தேன். தொடர் இலக்கம், கொள்ளளவு, வெற்று நிறை, வேலை அமுக்கம் 232, சோதனை அமுக்கம் 348, கடைசியாகச் சோதித்த ஆண்டு 2019. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அந்தச் சோதனை அமுக்கத்துக்கு உட்படுத்த வேண்டும். 2024இல் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்து எடுத்தேன். ஒரு பொருளின் முழு வரலாறும் அதன் மேலேயே எழுதப்பட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மனிதர்களுக்கு அப்படி எழுதப்படுவதில்லை. அவர்களிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும். கேட்டதை அச்சிடவும் வேண்டும்.

மருமகனிடம் சொன்னபோது அவனுக்கு ஏமாற்றம். மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ‘ஹேர்மிஸ்’ கப்பலை ஒருநாள் நாம் இருவரும் பார்க்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அதற்கு வேறு பயிற்சியும் வேறு கருவிகளும் வேண்டும். ஒரு பெரிய சிலிண்டரால் தீரும் காரியமல்ல. “அதுக்கு நீ போ தம்பி, நான் கரையில நிண்டு படம் எடுக்கிறன்” என்றேன். பிறகு அவனுக்கு இன்னொரு கணக்கையும் சொன்னேன். அதுவே நான் மன்னாரில் கேட்ட பதில்.

பரவலாகப் பயன்படும் பொழுதுபோக்குச் சுழியோட்ட அட்டவணை ஒன்றின்படி, 30 மீற்றரில் இடைத்தரிப்புக் கட்டாயமின்றி மேலேறக்கூடிய நேரம் 20 நிமிடம். அதற்குமேல் தங்கினால், அமுக்கத்தால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைதரசன் மேலேறும்போது குமிழியாகி, மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கும் அபாயம் கூடும். என்னைப் போல் காற்றுச் செலவிடும் ஒருவர் 30 மீற்றரில், 50 பாரை மிச்சம் வைத்து, 10 லீற்றர் சிலிண்டருடன் இருக்கக்கூடிய நேரம் ஏறத்தாழ 21 நிமிடம். 15 லீற்றருடன் 31 நிமிடம். சிறிய சிலிண்டர், அட்டவணை சொல்லும் இடத்திலேயே நம்மை மேலே போகச் சொல்கிறது. பெரியது இன்னும் பத்து நிமிடம் இருக்கவிடுகிறது. காற்று இருக்கிறதே என்று நாமும் இருந்துவிடுகிறோம். எனது 12 மீற்றர்ப் பாறைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால், கூடிய காற்று என்றால் குறைந்த ஆபத்து என்ற மருமகனுடைய நியாயத்தில் ஓட்டை இருக்கும் இடம் இதுதான்.

அந்த வாடியில் உட்கார்ந்திருந்த மனிதர் அட்டவணை எதையும் பார்த்தவரல்லர். ஒரு நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலிண்டர் மாற்றிக்கொண்டு இறங்கியவர். உடலில் ஏறிய நைதரசன் வெளியேறுவதற்கு நடுவில் நேரம் வேண்டும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒருநாள் மாலை படகில் ஏறியபின் இடது கால் மரத்தது. மறுநாள் காலை அது அவருடைய சொற்கேட்கவில்லை. அமுக்க அறை இருக்கும் வைத்தியசாலைக்கு அவரை எவரும் கொண்டுபோகவுமில்லை. காரணத்தைக் கேட்ட என்னிடம் அவர் சொன்னது இதுதான்: “முதல் சிலிண்டரில ஒருத்தரும் விழுறதில்லை, ஐயா. முதல் சிலிண்டரில சோறு இருக்கு. மூண்டாவது சிலிண்டரிலதான் காசு இருக்கு. காலும் அங்கதான் போகும்.”

அன்று நான் எழுதிய இரண்டாவது கட்டுரை சங்கின் விலை பற்றியும் கடலட்டையின் ஏற்றுமதி பற்றியும் இருந்தது. பக்கத்தில் இடம் போதவில்லை. அவருடைய காலைப் பற்றிய பந்தியை நானே வெட்டினேன். ‘ஒட்சிசன்’ என்று எழுதியதை விடப் பெரிய பிழை அதுவே என்று இப்போது நினைக்கிறேன். முன்னதைத் திருத்த ஒரு சொல் போதும். பின்னதை வாசித்திருக்கக்கூடிய யாரோ ஒரு இளைஞன் அந்த வருடம் மூன்றாவது சிலிண்டரோடு இறங்கியிருக்கலாம்.

10 லீற்றர் சிலிண்டர் இப்போது என் வீட்டு முன்விறாந்தையின் மூலையில், உருண்டுவிடாதபடி கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பருவத்தில் வாரம் ஒரு நாள் அதனுடன் கடலுக்குள் போகிறேன். ஒரு சிலிண்டர், ஒரு இறக்கம். மானியின் முள் மூன்றிலொரு பங்கு குறைந்ததும், பாறையில் எவ்வளவு அழகான மீன் கூட்டம் நின்றாலும் திரும்பிவிடுகிறேன். அலை உடையும் இடத்துக்கு வந்ததும் எழும்புவதில்லை. மூச்சுக்கருவியை வாயில் கடித்தபடி தவழ்ந்து வருகிறேன். கரைவலைக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.